இப்பத் தெரியுதா, மாமா?

சின்னவள் மன்னிப்புக் கேட்டாளே, அதோடு எல்லாம் அடங்கிப் போயிருக்கும் என்று நினைத்தீர்களானால், அந்த வீட்டை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம்.

ஒன்றும் அடங்கவில்லை. பேச்சு மட்டும்தான் நின்றிருந்தது. கீழ்வீட்டில் அப்பாவோடு இருக்கும் சின்னவள், மாடியில் குடியிருக்கும் அக்கா புருஷனைப் படிக்கட்டில் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். மறுமுனையில் ஒருவரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அத்தனையும் ஒரு பெட்டியால் வந்த வினை.

அக்கா புருஷனுக்குக் கடையில் 'டெமோ' என்று பெயர். பெரிய டிவி ஷோரூம் அது. அங்கே இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரிமோட்டும் கையுமாக நின்று, "இப்பப் பாருங்க சார்... இப்ப? தெரியுதா வித்தியாசம்?" என்று கேட்பதுதான் அவன் உத்தியோகம். கேட்கிற விதத்தில் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொன்ன வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மாமனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மாமியார் இறந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவளின் கல்யாண டிஸ்க்கைப் போட்டு, அதில் நடமாடும் மனைவியைப் பார்ப்பது. டெமோவே பொறுக்கியெடுத்து மாட்டிக் கொடுத்த புது டிவி, சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன மாப்பிள்ளை, அவ முகம் சரியாவே தெரியலையே" என்றார்.

டெமோவுக்குச் சுருக்கென்றது. அவன் தேர்ந்தெடுத்த டிவியிலா?

மறுநாளே ஷோரூமிலிருந்து ஸ்கேலர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "பழைய டிஸ்க்ல இருக்கிற படம் சின்னது மாமா. புது டிவி பெரிசு. நடுவுல இந்தப் பெட்டி உட்கார்ந்து, சின்னப் படத்தைக் கணக்குப் போட்டுப் பெரிசாக்கி, இல்லாத புள்ளியை எல்லாம் நிரப்பிக் கொடுக்கும்" என்று விளக்கினான். ரிமோட்டை அமுக்கினான். பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு பச்சையானது. "இப்பத் தெரியுதா, மாமா?"

"அட! தெரியுதே!" என்றார் மாமனார்.

"ஏன் அத்தான், அந்தக் கணக்கைப் புது டிவியே போடாதா? அதுக்குத்தானே அவ்வளவு பெரிய டிவி?" என்று சின்னவள் கேட்டது, போன வாரம் எதில் போய் முடிந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கடையில் போணியாகாததைக் கொண்டுவந்து எங்கப்பா தலையில் கட்டுகிறீர்களா என்று அவள் கேட்க, அக்கா பாய, கடைசியில் மாமனாரே எழுந்து தீர்ப்புச் சொன்னார். "வாயை மூடு. உங்கம்மா தலைமுடி முதற்கொண்டு எனக்குத் தெரியுது. அத்தான்கிட்ட மன்னிப்புக் கேளு."

கேட்டாள். கண்ணில் தண்ணீரோடு, எல்லோர் முன்னாலும் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் மாமனாரின் வேன் பக்கத்து வீட்டு மதிலை உரசியதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மதிலை ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறான் என்று அவர் சொன்னார். சரிதான் என்று விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு டெமோவுக்கு வார விடுமுறை. காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே மேனேஜரிடமிருந்து போன்.

"அந்த ஸ்கேலர் டெமோ பீஸ் உன் மாமனார் வீட்டுலதானே இருக்கு? நாளைக்கு ஒரு பார்ட்டி பார்க்க வர்றாங்க. மறக்காம எடுத்துட்டு வந்துடு."

கீழே வந்தான். மாமனார் காலை ட்ரிப்புக்குப் போயிருந்தார். சின்னவள் கூரியர் ஆபீஸுக்குக் கிளம்பியிருந்தாள். நல்லவேளை என்று டிவிக்குக் கீழே தட்டில் இருந்த பெட்டியை இழுத்து, ஒயர்களைக் கழற்றி, தூசியை ஊதித் துடைத்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினான்.

திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அந்தப் பெட்டியின் முதுகில் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் பெட்டி வேலை செய்யும். கீழே தள்ளினால், உள்ளே வந்த படத்தைத் தொடாமல் அப்படியே வெளியே அனுப்பிவிடும். முகப்பு விளக்கு என்னவோ ரிமோட்டுக்குத் தகுந்தபடி சிவப்பு, பச்சை என்று மாறிக்கொண்டுதான் இருக்கும். கடையைப் பூட்டும்போது சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டுப் போவது என்று ஒரு வழக்கம். மற்ற பையன்கள் மறந்தால் திட்டித் திட்டி அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே டெமோதான்.

சுவிட்ச் கீழே இருந்தது. கடையிலிருந்து எடுத்து வந்த நாளிலிருந்து கீழேயேதான் இருந்திருக்கிறது.

காதெல்லாம் சூடேறியது அவனுக்கு. அறையில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

சரி, இப்போதாவது மேலே தள்ளிப் பார்ப்போம் என்று மறுபடி எல்லாவற்றையும் மாட்டினான். அவனுடைய கல்யாணம் திரையில் ஓட ஆரம்பித்தது. ஒல்லியாக, நிறைய முடியோடு, பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு அவனே நின்றான். பெட்டி போட்டுப் பார்த்தான். பெட்டி இல்லாமல் பார்த்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தான், தள்ளி உட்கார்ந்து பார்த்தான். வாங்குகிறவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் அவன் ஒரு டிவியைப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

பெட்டி வேலை செய்தபோது முகத்தின் ஓரங்கள் ஒரு துளி அழுத்தமாகத் தெரிந்தன. கன்னம் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆனது. அவ்வளவுதான். டேப் போடுகிற அந்தக் காலத்துப் பிளேயராக இருந்தால் இந்தப் பெட்டி ஏதாவது சாதித்திருக்கலாம். இந்த டிஸ்க்குக்கு, இந்த டிவியே உள்ளுக்குள் தன் கணக்கைப் போட்டு, செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டிருந்தது. சின்னவள் சொன்னது அட்சர சுத்தமாகச் சரி.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சுவிட்ச் கீழே இருந்த பெட்டியைக் காட்டி, "புருவம் தனித்தனியாத் தெரியுது பாருங்க" என்று அன்றைக்குச் சொன்னவன் அவனே. அதை நினைத்தபோது டெமோவுக்குத் தன் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெட்டியைக் கழற்றி, டிஸ்க் பிளேயரை நேராக டிவியில் சொருகிவிட்டு, பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடியேறினான்.

பெரியவள் தையல் மெஷினில் இருந்தாள். ஏதோ ஹோட்டலுக்கு ஜன்னல் திரைகள். அறை முழுவதும் சாம்பல் நிறத் துணி மலையாகக் கிடந்தது.

"ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"நான் சிரிக்கிற மாதிரி நீங்க எப்ப என்ன சொல்லியிருக்கீங்க?"

சொன்னான். அவள் சிரித்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அப்ப அவ சொன்னதுதான் சரி."

"ம்."

"அவளைப் பார்த்து, 'உனக்கு என் வீட்டுக்காரரைக் கண்டாலே ஆகாது'ன்னு சொன்னேன். எவ்வளவு பேசினேன்!"

"ம்."

"சும்மா ம் கொட்டாதீங்க. புருவம் தெரியுதுன்னு சொன்னீங்களே, அது பொய்யா?"

"பொய்னா பரவாயில்லையே" என்றான் டெமோ. அவன் குரல் உள்ளே போயிருந்தது. "எனக்கு நிஜமாவே தெரிஞ்சுது."

பெரியவள் ஊசியிலிருந்து நூலை உருவி, திரும்பக் கோத்தாள். கோக்கவேண்டிய அவசியமே இல்லை.

"எனக்கும்தான்" என்றாள் மெதுவாக. "அம்மா தோடு மின்னுதுன்னு சொன்னேனே."

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அப்பா உங்களுக்காகச் சொல்லியிருப்பார். மாப்பிள்ளை ஆசையாக் கொண்டுவந்தது, முகம் வாடிடக் கூடாதுன்னு" என்றாள் பெரியவள்.

டெமோவும் அப்படித்தான் நினைத்தான். அந்த மரியாதையை நினைக்க நினைக்க அவன் இன்னும் குறுகிப்போனான். அவனுக்காக ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்க்காகப் பெற்ற பெண்ணையே தலைகுனிய வைத்திருக்கிறார் மனுஷர்.

"சாயங்காலம் அவ வந்ததும் மன்னிப்புக் கேட்டுடறேன்."

"முதல்ல அப்பாகிட்டச் சொல்லுங்க. அவளைக் கேட்க வெச்சது அவர்தானே. அவருக்குத் தெரியாம அவகிட்டப் போனா, அது இன்னொரு வம்பு."

பெட்டியைத் துணி மலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மத்தியானம் வேன் சத்தம் கேட்கிறவரை அவன் மாடியிலேயே நடந்துகொண்டிருந்தான். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை வேறு. விற்கிற பேச்சு அருவியாகக் கொட்டுகிற வாய்க்கு இந்த ஒரு வாக்கியம் மட்டும் வரவில்லை.

மாமனார் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் சுவரோரம் இருந்த நாற்காலி, டிவிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது.

"வாங்க மாப்பிள்ளை. லீவா? அந்த டிஸ்க்கைப் போடுங்க. பசங்களைக் கூப்பிடப் போறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"மாமா, ஒரு விஷயம்..."

"போட்டுட்டுப் பேசுங்க."

போட்டான். கல்யாணக் கூட்டம் திரையில் நகர்ந்தது. மாமனார் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, டிவியைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைப் பார்ப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வேன் ஓட்டி ஓட்டிக் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சை விளக்கு எரியுதில்ல?" என்றார்.

தட்டில் பெட்டியே இல்லை. அது இருந்த இடத்தில், தூசி படியாத சதுரம் ஒன்றுதான் இருந்தது. அவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அதைப் பத்தித்தான்..."

"இன்னைக்கு இன்னும் பளிச்சுன்னு இருக்கு, மாப்பிள்ளை" என்றார் அவர். குரல் குழைந்திருந்தது. கையை நீட்டித் திரையைக் காட்டினார். "இதோ பாருங்க. சிரிக்கிறா பாருங்க உங்க மாமியார்."

டெமோ பார்த்தான்.

திரையில் இருந்தது அவன் மாமியார் இல்லை. அவனுடைய சொந்த அத்தை. அதே மாதிரி நீலப் புடவை. பிறந்ததிலிருந்து சிரித்தே அறியாத அந்த அத்தை, திரை முழுவதும் முகமாக, நாற்காலி போட்ட ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினான். வாயைத் திறந்த மேனிக்கு அத்தை நின்றாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

சாய்ந்த தலை. டிவிக்குக் கிட்டே வந்துவிட்ட நாற்காலி. பக்கத்து வீட்டு மதில். 'அவ முகம் சரியாவே தெரியலையே' என்று அவர் அன்றைக்குச் சொன்ன வார்த்தை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவன்மேல் விழுந்தன. மனுஷர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் டிவிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறான் அவன். போதாக்குறைக்கு, ரிமோட்டும் கையுமாக நின்று, "இப்பத் தெரியுதா?" என்று வேறு கேட்டிருக்கிறான். அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாமா. தெரியலைன்னா, தெரியலைன்னு சொல்லுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் அப்படிக் கேட்டான்.

மாமனார் கைகள் இரண்டையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அப்புறம், "யாரு அது?" என்று கேட்டார்.

"எங்க அத்தை."

"ஓ... அந்த அம்மாவா?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நடுவுல ஒரு புகை மாதிரி, மாப்பிள்ளை. எதை நேராப் பார்த்தாலும் அதுமேல புகை வந்து உட்கார்ந்துக்குது. ஓரமெல்லாம் நல்லாத் தெரியும். முகம்தான் இல்லை. யாருக்கும் முகம் இல்லை."

"எத்தனை நாளா?"

"நீங்க பெட்டி கொண்டுவந்தப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா? அடடா, கோளாறு டிவியிலதான்னு. அன்னைக்குப் பச்சை விளக்கு போட்டீங்க. ஒண்ணும் மாறலை. ஆனா நீங்க, பெரியவ, எல்லாரும் தெரியுது தெரியுதுங்கறீங்க. நான் மட்டும் எப்படி இல்லைன்னு சொல்றது?"

யாருக்குமே தெரியவில்லை மாமா, எங்களுக்கும் ஒன்றும் மாறவில்லை, நல்ல கண்ணை வைத்துக்கொண்டு நாங்கள்தான் கதை அளந்தோம் என்று சொல்ல டெமோவுக்கு நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னான். சுவிட்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான்.

மாமனார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு மூணு பேரும் சேர்ந்து, வாயைத் திறந்த ஒருத்தியை அழ வெச்சிருக்கோம்" என்றார்.

மேஜைமேல் வேன் சாவி இருந்தது. அதற்குப் பிள்ளைகள் யாரோ கட்டிக் கொடுத்த சிவப்பு நூல் குஞ்சம். பள்ளிக்கூடத்து வாசலில் அவரை 'வேன் தாத்தா' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்து ஏறுகிற பிள்ளைகள்.

"அந்த மதில், மாமா?"

"மதில் தெரிஞ்சுது. எவ்வளவு கிட்டன்னுதான் தெரியலை." பெருமூச்சு விட்டார். "தெரிஞ்ச ரோடுதானேன்னு ஓட்டிட்டிருந்தேன். பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன். வண்டியை விட்டுட்டா நான் என்ன செய்வேன், மாப்பிள்ளை? இந்த நாற்காலியில உட்கார்ந்து, தெரியாத முகத்தைப் பார்த்துக்கிட்டிருப்பேனா?"

டெமோ மெல்லக் கையை நீட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். குஞ்சம் மேஜையில் உரசியது. மாமனார் கவனிக்கவில்லை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். டிவிக்குப் பக்கத்திலேயே வாசல். வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். அரைநாளில் கிளம்பி வந்திருக்கவேண்டும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டவளாகத்தான் தெரிந்தது. செல்போன் கையில் இருந்தது. இந்தத் தடவை அது காதுக்குப் போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். "பெரியவகிட்ட வேணா சொல்லுங்க. சின்னவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எல்லார் முன்னாடியும் அவளைத் தலைகுனிய வெச்சிருக்கேன். எனக்கு ஒண்ணுமே தெரியலைன்னு தெரிஞ்சா, நான் எந்த முகத்தோட அவளைப் பார்ப்பேன்?"

அதைச் சொல்லும்போது அவர் தலையைச் சாய்க்கவில்லை. வாசலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வர்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். அதுக்குள்ள நீங்களும் நானும் யோசிச்சு ஏதாவது பண்ணுவோம். சொல்லமாட்டீங்களே?"

டெமோ அவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, 'சொல்லமாட்டேன்னு சொல்லுங்க' என்பதுபோல் தலையை அசைத்தாள்.

"சொல்லமாட்டேன், மாமா" என்றான். இந்த வீட்டில் இனி எந்தப் பொய்யும் சொல்வதில்லை என்று காலையில்தான் முடிவெடுத்திருந்தான்.

சின்னவள் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தாள். வெளிப்படி வரைக்கும் போனாள். அங்கிருந்து, அப்போதுதான் வருகிறவள்போல் செருப்பைத் தடதடவென்று உதறிப் போட்டுவிட்டு, "அப்பா! நான் வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தாள். கடைசி எழுத்தில் குரல் உடைந்தது.

மாமனார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். நின்றுபோயிருந்த திரையில் வாயைத் திறந்துகொண்டிருந்த அத்தையை நோக்கித் திரும்பி, உள்ளே வருகிறவள் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்.

"இப்ப ரொம்ப நல்லாத் தெரியுது, மாப்பிள்ளை! எங்கே என் சாவி? பிள்ளைங்க காத்திட்டிருப்பாங்க."

அவர் கை மேஜையைத் தடவியது. இந்த ஓரம், அந்த ஓரம், மறுபடி நடுவில்.

"இங்கதானே வெச்சேன்?" என்றார் மாமனார்.

உள்ளே வந்த சின்னவள், டெமோவின் மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்களுக்கிடையே சிவப்புக் குஞ்சம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.